கடைசி வீட்டுக் கூரை

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்திருந்ததால் தேநீரை எங்கே வைப்பது என்று அவள் தயங்கி நின்றாள். போட்டோ ஸ்டுடியோக்காரரின் விரல் ரயில் பாதையோடு ஊர்ந்து போய் ஒரு வளைவில் நின்றது. நிலக்கரி ஏற்றிய வண்டி அந்த மேட்டில்தான் ஏற முடியாமல் திணறுமாம். அவர்களுக்குத் தெரிந்தவரை நீராவி எஞ்சின் இன்னும் ஓடுவது அந்தச் சுரங்கத்தில் மட்டும்தான். அதுவும் எத்தனை நாளைக்கோ. "வரிசையா வீடுங்க மறைக்குது. ஆனா இந்தக் கடைசி வீட்டுக் கூரைல ஏறிட்டா வண்டி நேரா நம்ம மூஞ்சிக்கே வரும்," என்றார். டிராயிங் மாஸ்டரும் அவள் கணவரும் குனிந்து பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"அது என் தம்பி வீடு."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். வருடக்கணக்காக ஞாயிறுதோறும் அவள் கையால் தேநீர் குடித்துப் போகிற நண்பர்கள் இருவரும் அன்றைக்குத்தான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர், கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அங்கே போய், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுநாளே கிளம்பிவிட்டவர். ரயில் பைத்தியம் அவரைப் பிடித்தது அதற்கெல்லாம் பிறகு. "இவ்ளோ நாளா வாயே தொறக்கலியே நீ," என்றார், நகையை ஒளித்து வைத்தவளிடம் கேட்பதுபோல. "போன் போடு."

தம்பி சுரங்கத்தில் துளை போடுகிற வேலை செய்தவன். நெஞ்செல்லாம் கரித்தூசி படிந்து, வேலையை விட்டு வீட்டோடு கிடந்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். "அக்கா, எப்பக்கா வர்ற?" கணவர் கையை உயர்த்திக் கூரையைக் காட்டிச் சைகை செய்தார். அவள் கேட்டாள்.  அந்தப் பக்கமிருந்து சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. "கூரையா? தாங்கும். புதுத் தகரம். ஏணிதான் இல்ல. ஆனா படம் புடிக்க வர்றவனக் கேட்லயே நிறுத்திடுவாங்கக்கா. சொந்தக்காரங்கன்னாத்தான் விடுவாங்க. நீ கூட வா."

அந்த மாதக் கடைசியில் போவதாக முடிவாயிற்று. அவள் பெட்டியைக்கூடக் கீழே இறக்கி வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு டிராயிங் மாஸ்டர் வாய் வைத்தார். "வெயில்ல ஆவி நிக்காதுங்க. வந்த தடமே தெரியாது. குளிர்ல பாத்தா பொதி பொதியா எழும்பும்." பயணம் குளிர்காலத்துக்குத் தள்ளிப் போனது. அதைச் சொல்ல யாருக்கும் குரல் தணியவில்லை.

"அவன் அதுவரைக்கும் தாங்குவானான்னு தெரியல. நான் மட்டும் இப்ப ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேங்க," என்றாள்.

கணவர் கேமரா லென்ஸைத் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்ப போய்ட்டு வந்துட்டா அப்ப வர மாட்டேம்ப. அப்புறம் எங்கள யாரு உள்ள விடுவா?" கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினாள். அதற்குப் பிறகு தம்பி போன் செய்தபோதெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். "அங்க குளிர் வந்துடுச்சாக்கா?"

குளிர் வந்தது. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் தம்பி மனைவி கூப்பிட்டுச் சொன்னாள். சாயங்காலமே அடக்கம், எப்படிக் கிளம்பினாலும் வந்து சேர முடியாது என்றாள். குளித்துவிட்டு வந்த கணவர் ஈரத் தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் சத்தமில்லாமல் அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தபடியே அவர் இன்னொரு கையால் ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டார். "ஆமா, பாவம். சின்ன வயசுதான்... இல்ல இல்ல, தேதிய மாத்த வேணாம். அடக்கம்தான் முடிஞ்சிடுமே. ஒரு வகைல பாத்தா, துக்க வீட்டுக்குப் போறவங்கள கேட்ல ஒரு கேள்வி கேக்க மாட்டான்." முதுகில் அந்தக் கை நிற்காமல் தடவிக்கொண்டே இருந்தது.

குறித்த தேதியில் கிளம்பினார்கள். ரயில் முடிகிற ஊரில் வாடகை ஜீப் காத்திருந்தது. "அண்ணி முன்னாடி உக்காரட்டும், முகம் தெரியணும்," என்றார் ஸ்டுடியோக்காரர். கேமராக்களைப் போர்வைக்குள் சுருட்டிக் காலடியில் வைத்துக்கொண்டார்கள். வழியெல்லாம் பின்னால் ஒரே குதூகலம். சுரங்கத்தின் தடுப்புக் கம்பம் கண்ணில் பட்டதும் கணவர் முன்பக்கம் குனிந்து, "அழுகை வந்தா அடக்காத," என்று காதோரம் சொன்னார்.

காவலாளி ஜன்னலில் குனிந்தான். "யாரு வீட்டுக்கும்மா?"

"கடைசி வீட்டுக்கு. செத்துப்போனது என் தம்பி."

அவன் தொப்பியைக் கழற்றினான். "ஒண்ணா வேலை செஞ்சோம்மா. நல்ல ஆளு." பிறகு பின் இருக்கையைப் பார்த்தான். "இவங்கல்லாம்?"

அவள் திரும்பி மூன்று முகங்களையும் நிதானமாகப் பார்த்தாள். மூன்றும் துக்கமாக இருக்க முயன்றன.

"தெரியாது. வழில ஏறிக்கிட்டாங்க. படம் புடிக்கணுமாம்."

ஓட்டுநர் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிக் கம்பத்துக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். பின்னால் கதவு திறக்கிற சத்தம், போர்வையை இழுக்கிற சத்தம், கண்ணாடி ஏதோ கல்லில் மோதிய சத்தம். "ஏய், சொல்லுடி, நான் யாருன்னு சொல்லு," என்று கணவரின் குரல் வந்தது. அதற்கு மேல் வந்தது காவலாளியின் அதட்டல். யாரோ யாரையோ அடித்தார்கள். அவள் நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

சுவர், செடி, துவைத்துப் போட்ட துணி எல்லாவற்றிலும் கரி படிந்திருந்தது. கடைசி வீட்டின் வாசலில் யாருமில்லை. பக்கச் சுவரில் ஓர் ஏணி சாய்ந்திருந்தது. இன்னும் கருக்காத புது மரம். ஏறுகிறவர்களுக்குக் கால் வழுக்காமலிருக்க, படி ஒவ்வொன்றிலும் சாக்குத்துணி இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது.