வளர்வதற்கு விட்ட துணி

"வளர்ற பிள்ளை. கையில கால்ல கொஞ்சம் துணி உள்ள விட்டுத் தைங்க" என்று பள்ளிச் சீருடைத் துணியை மேசையில் வைத்தாள் வந்தவள். "அதை நீங்க சொல்லணுமா? என் கை தானா விட்டுடும்" என்று சிரித்தபடி கழுத்திலிருந்த டேப்பை உருவிய தையல்காரி, சிரிப்பு முடிவதற்குள் அப்படியே நின்றுவிட்டாள். கை தானாக விட்டுவிடும். நேற்றும் விட்டிருக்கிறது. தங்கையின் கோட்டில்.

தங்கை உயரம் குறைந்தவள். உடம்பு முப்பது வயதுப் பெண்ணின் உடம்பு. கையும் காலும் மட்டும் சிறு பிள்ளை அளவோடு நின்றுவிட்டன. கடையில் பெரியவர்கள் சட்டை வாங்கினால் கையைச் சுருட்டிச் சுருட்டி மேலேற்ற வேண்டும். சிறுவர் பகுதியில் வாங்கினால் தோளில் ஏறாது. ஏறித் தொலைத்தாலும் நெஞ்சில் ஒரு முயல் இளித்துக்கொண்டிருக்கும். "முயலோட போனா எவன் என்னை மிஷின் பக்கம் விடுவான்?" என்பாள். அச்சகத்தில் வருடக்கணக்காகத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவள், சண்டை போட்டு, நச்சரித்து, ஒருவழியாக அச்சு இயந்திரத்தில் நிற்க அனுமதி வாங்கியிருந்தாள். போர்மேன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சுருட்டிவிட்ட கையோடு உருளைகள் பக்கம் வரக் கூடாது. அவிழ்ந்து தொங்கும் துணியை உருளை கவ்வினால் துணியோடு விடாது, கையையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அதற்காகத்தான் அந்தக் கோட்டு. சட்டைக் கையை நுனியில் வெட்டிக் குறைத்தால் முழங்கைக்கு விட்ட வளைவு மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அளவு வெட்டிப் பார்க்கும் காகிதம் எத்தனையோ பாழான பிறகுதான், நடுவில் வெட்டி இடைத்துண்டை எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும் என்று அக்காவுக்கு உறைத்தது. எட்டி எட்டி வேலை செய்கிறவள் என்று முதுகில் தாராளமாக விட்டாள். பையை இடுப்பிலிருந்து மேலே கொண்டுவந்தாள். கை நுனி மட்டும் பாக்கி இருக்கும்போதே தங்கை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் கையை வீசி வீசி நடந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அக்காவின் புத்தி எங்கோ மேயப் போயிருக்க வேண்டும். சீருடை தைத்தே பழகிய கை, நான்கு விரல் துணியை உள்ளே மடித்து, பின்னால் பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று லூசாக ஒரு தையலை ஓட்டிவிட்டது.

இழுத்தால் பிரிந்துவிடும் தையல். பிரிவதற்கென்றே போட்ட தையல்.

அச்சகத்தில் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள். வந்தவளைக் கடையிலேயே விட்டுவிட்டு அக்கா ஓடினாள். தெருவில் யாரோ கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை. எங்கோ ஒரு வண்டி வீலென்று பிரேக் போட, அதைத் தங்கையின் குரல் என்று நினைத்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அச்சக வாசலில் காவல்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "மிஷின்ல ஏறியாச்சு. இன்னிக்கு அவங்க ராஜ்யம்தான்."

உள்ளே தரையே அதிர்ந்துகொண்டிருந்தது. மரப்படியில் ஏறி, முதுகைக் காட்டி நின்றிருந்தாள் தங்கை. ஓடுகிற இயந்திரத்திலிருந்து ஒரு தாளை உருவினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மறுபடி கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஏதோ தொங்குவது போலிருந்தது. நூலா, வெளிச்சமா, தெரியவில்லை. கத்திக் கூப்பிடப் பயமாக இருந்தது. திடுக்கிட்டுத் திரும்பினால் கை எங்கே போகும்? போர்மேன் வேறு கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது குறுக்கே போனால் தங்கையின் பிழைப்பில் மண் விழும். அக்கா வந்து கூட்டிப்போகிற பிள்ளையை எவன் இயந்திரத்தில் நிறுத்துவான்? கை மறுபடி நீண்டது. பக்கத்துத் தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை அக்கா உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள்.

கூடமே சட்டென்று அடங்கியது.

"யாரு நிறுத்தினது?" என்றார் போர்மேன்.

தங்கை திரும்பினாள். அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"கையில உள்ள துணி விட்டுட்டேன்டீ. லூஸ் தையல். மாட்டிக்கிச்சுன்னா..."

தங்கை படியிலிருந்து இறங்கி வந்து கோட்டின் கை நுனியைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே துணி இல்லை. ஒட்ட வெட்டி, கோணல்மாணலாக, ஆனால் நெருக்கி நெருக்கிக் கையால் தைத்திருந்தது.

"காலையிலேயே பாத்தேன். வெட்டிட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரு வளரப் போறாங்கன்னு துணி விட்டக்கா?"

பழக்கத்தில் கை விட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். விட்டது கை மட்டும்தானா என்று அக்காவுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

"என்னம்மா, ஓட்டுறியா, இல்ல அக்காவோட வீட்டுக்குப் போறியா?" என்றார் போர்மேன்.

"ஓட்டுறேன் சார்." தங்கை படியேறினாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஓடவில்லை. எல்லோரும் தூண் பக்கம் பார்த்தார்கள்.

துணி இல்லை என்று கண்ணால் பார்த்தாயிற்று. பயம் போயிருக்க வேண்டும். உருளைகள் அசையாமல் மை பளபளக்க நின்றிருந்தன. அவற்றுக்கு வெகு பக்கத்தில் அந்தச் சின்னக் கை இருந்தது.

"கைய எடுக்கா" என்றாள் தங்கை.

"எடுக்கிறேன்டீ" என்றாள் அக்கா. சிவப்புப் பொத்தானின் மேல் அவள் உள்ளங்கை வியர்த்துக்கொண்டிருந்தது.