மூன்றாவது பத்து

தாடையைக் கட்ட வெள்ளைத் துணியைக் கிழித்தபோது மரிய ஆனந்துக்கு அளவு தெரியவில்லை. முதல் துண்டு குறுகலாகப் போய்விட்டது. தங்கை மோனிஷா அப்பாவின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் அகலமா கிழிண்ணா" என்றாள். இரண்டாவது துண்டு சரியாக வந்தது. உச்சியில் முடிச்சுப் போட்டான். விடியற்காலை ஐந்து மணிக்கு இருமலோடு எழுந்து தண்ணீர் கேட்ட அப்பா, மோனிஷா சொம்போடு திரும்புவதற்குள் போய்விட்டிருந்தார்.

கம்பைநல்லூர் சபைக்கு அவன் பாஸ்டராகி ஏழு மாதம். அதற்குள் மூன்று அடக்கம் நடத்தியிருந்தான். மூன்று வீட்டிலும் அவன் போய்ச் சேரும்போது உடலைக் குளிப்பாட்டி, தாடை கட்டி, பூ வைத்து முடித்திருந்தார்கள். வாசிப்பதும் ஜெபிப்பதும் மட்டும்தான் அவன் வேலை. துணி எவ்வளவு அகலம் வேண்டும் என்று தெரியாமலே மூன்று குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறான்.

அன்று டிசம்பர் முப்பத்தொன்று. சாயங்காலம் கோயிலில் நன்றிப் பூசை, மறுநாள் வருஷப் பிறப்பு. அதனால் மூன்று மணிக்கே எடுத்துவிட வேண்டுமென்று பங்குச் சாமியார் சொல்லியனுப்பியிருந்தார். ஆனந்துக்கும் இரவு கம்பைநல்லூரில் வருடக் கடைசி ஆராதனை இருந்தது. பாஸ்டராக அவனுக்கு முதல் முப்பத்தொன்று. அப்பாவின் இருமலைக் கேள்விப்பட்டு முந்தின ராத்திரி கடைசிப் பொம்மிடி பஸ்ஸில் ஊருக்கு வரும்போது, என்ன பேசலாம் என்று நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தான். சபைக்கு வந்த நாளிலிருந்து படுக்கும் முன் ஒரு வரி எழுதி வைப்பது பழக்கம். புது ஸ்கூட்டிக்கு ஜெபம். குரூப் ஃபோர் ஹால் டிக்கெட் நான்கு. போர் போட்ட இடத்தில் ஜெபம், தண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி. இதையெல்லாம் சேர்த்து நன்றி என்று எப்படிச் சொல்வது என்பதுதான் பஸ்ஸில் அவனுக்கிருந்த கவலை.

செப்டம்பரில் ஒரு நாள் 'அப்பா வந்தார்' என்று மட்டும் எழுதியிருந்தது. கடலை மூட்டையை மண்டியில் போட வந்தவர் சபை கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். ஆனந்த் ஓடிப்போய் உள்ளே கூப்பிட்டான். செருப்பெல்லாம் சேறாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார். மழை பெய்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

ஒன்பது மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. பெஞ்சின் தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்தி. அப்பாவின் விரல்களில் அவருடைய செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். தெருப் பெண்கள் ஆளுக்கொரு மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டில் மூத்த மகன்தான் செபமாலையை ஆரம்பிக்க வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். ஆனந்த் ஐந்து வருடத்துக்கு முன்பே மாதாவையும் மாலையையும் விட்டு, அவற்றை ஏற்காத சபைக்குப் போனவன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் காத்திருந்தார்கள்.

சித்தப்பா ஆண்டனிதான் வாயைத் திறந்தார். "என்னப்பா, பொண்டாட்டி கட்டுன சாமியாரே. ஆரம்பிக்கிறயா இல்லியா? பேருலயே மரியாவ வச்சுக்கிட்டு எங்க மாதாகிட்ட மட்டும் உனக்கு என்ன கோவம்?"

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கம்பைநல்லூர் பெயர்ப்பலகையில் அவன் வெறும் பாஸ்டர் ஆனந்த். அதைச் சித்தப்பா பார்த்திருக்க மாட்டார்.

பதினோரு மணி வரை மாலை தொடங்கவில்லை. அப்போது கம்பைநல்லூரிலிருந்து வேன் வந்தது. அவன் மனைவி பிளசியும் சபையார் பத்துப் பேரும் இறங்கினார்கள். மூப்பர் தமிழ்ச்செல்வன் பெரிய கேனில் டீ கொண்டுவந்திருந்தார். அவர் கொடுத்த இடத்தில்தான் சபையின் தகரக் கூரை நிற்கிறது. ஆனந்தைப் பாஸ்டராக அழைத்து வந்தவரும் அவரே. உள்ளே போய்ச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, வெளியே பந்தலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அப்பாவுக்கு அவங்க முறையிலயே எல்லாம் நடக்கட்டுங்க பாஸ்டர். நாம ஒண்ணும் சொல்லப்போறதில்ல. அந்த மாலைல மட்டும் நீங்க வாய் குடுத்துறாதீங்க. குடுத்தீங்கன்னா ராத்திரி சபையில நின்னு உங்களால பேச முடியாது."

அதட்டிச் சொல்லவில்லை. அவர் தம் அம்மாவின் சாவுக்குப் போய், சூடம் காட்ட மறுத்து, அண்ணன் தம்பிகள் கையால் அடி வாங்கித் திரும்பியவர். அந்தக் கதையை அவர் சாட்சி சொல்லும்போதெல்லாம் சபையில் ஆமென் என்பார்கள். ஆனந்தும் சொல்லியிருக்கிறான்.

அம்மா இன்னாசியம்மாள் அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். அடுப்புப் பற்றவைக்காத சமையலறை. நேற்றைய சோற்றுப் பானை அப்படியே இருந்தது.

"நீ ஆரம்பிக்க வேணாம் கண்ணு. உங்க சித்தப்பன் ஆரம்பிச்சுக்கட்டும். மூணாவது பத்து மட்டும் சொல்லிடு. அது உன்னுது."

அந்த வீட்டில் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் செபமாலை உண்டு. மணிக்கு ஒரு மாதா செபமாகப் பத்து மணி சேர்ந்தது ஒரு பத்து; அப்படி ஐந்து பத்துகளைப் பங்கு பிரித்திருந்தார் அப்பா. முதல் பத்து அவர், இரண்டாவது அம்மா, மூன்றாவது ஆனந்த், நான்காவது மோனிஷா, கடைசிப் பத்து எல்லோரும் சேர்ந்து. ஏழு வயதில் அவனுக்குக் கிடைத்த பங்கு அது.

"நான் போனப்புறம் மோனிஷாதான சொல்றா?" என்றான். நேற்று அவன் வந்து சேர்ந்தபோது மாலையும் சாப்பாடும் முடிந்திருந்தது.

"யாரும் சொல்றதில்ல. உங்கப்பா உட மாட்டாரு. என்னுது முடிஞ்சதும் மணிய உருட்டிக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பாரு. வாய் அசையாது. பத்தும் உருண்டதும் மோனிஷா மூஞ்சியப் பாப்பாரு, அவ நாலாவது ஆரம்பிப்பா." பானையை மூடிவிட்டு, "அஞ்சு வருசமா வூட்ல இப்படித்தான்" என்றாள்.

ஆனந்த் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு முறை சொன்னால் என்ன என்று தோன்றியது. சொன்னால், வெளியே இருக்கிற பத்துப் பேரில், சபைக்கு வந்ததற்காக வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட நான்கு பேரிடம் நாளை என்ன பேசுவான் என்றும் தோன்றியது.

"என்னால முடியாதும்மா."

"சரி கண்ணு" என்றாள். இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்றால் சொல்கிற அதே குரல். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

சித்தப்பா முதல் பத்தை ஆரம்பித்தார். வேகமாகச் சொன்னார். தெரு முழுக்கப் பதில் சொன்னது. அம்மா இரண்டாவதைச் சொன்னாள். நடுவில் ஒரு முறை குரல் உடைந்து, மறுபடி பிடித்துக்கொண்டாள். ஆனந்த் கூடத்துக்கும் பந்தலுக்கும் நடுவே நிலைப்படியில் நின்றிருந்தான்.

இரண்டாவது முடிந்தது. யாரும் தொடங்கவில்லை. சித்தி மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயெடுத்தாள். அம்மா அவளைப் பார்க்காமலே உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தாள். சித்தப்பா ஆனந்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. பந்தலில் இருந்த சபையார், உள்ளே மௌன ஜெபம் நடக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். தமிழ்ச்செல்வன் எழுந்து நின்று கண்களை மூடினார். பிளசி சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவின் விரல்களில் மணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. வாய் அசையவில்லை. ராத்திரிகளில் இந்த இடம் வரும்போது அப்பா என்ன நினைத்துக்கொண்டு இருந்திருப்பார் என்று ஆனந்த் யோசித்தான். கோபமாக இருந்திருக்கலாம். வெறுமனே காத்திருந்திருக்கலாம். தெரு விளக்கு எரிகிற நேரம், வாசல் கதவு திறந்திருக்கும். கட்டிய தாடையோடு கிடந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எப்போது தொடங்கினான் என்று அவனுக்கே தெரியாது. சுண்டுவிரலின் அடிக்கணுவில் இருந்த கட்டைவிரல் அடுத்த கணுவுக்குப் போயிருந்தது. உதடுகளை இறுக்கிக்கொண்டான். கணுவுக்கு ஒரு செபம்; உள்ளே அதன் ஒவ்வொரு சொல்லையும் தேடித்தேடி எடுக்க வேண்டியிருந்தது. மோதிர விரலைக் கடந்து நடுவிரலின் முதல் கணுவுக்கு வந்தான்.

அம்மாவின் கையில் பத்தாவது மணி நின்றது. மோனிஷா வழக்கம்போல நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நான்காவதைத் தொடங்கினாள். தெரு முழுக்கப் பதில் சொன்னது.

அவன் ஏழில்தான் இருந்தான்.