ஐந்து யூனிட்

இந்தத் தடவை கரண்ட் பில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டக் கூடாது. வீட்டில் இருப்பதே மூன்று பேர். அந்த மூன்று பேருக்குள் கலைமகள் இதை நாளுக்கு நாற்பது தடவை சொன்னாள். பாத்ரூம் லைட் ஒரு நிமிஷம் கூடுதலாக எரிந்தால் போதும், மண்ணரை ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. கணவர் அர்த்தநாரி இருபத்தைந்து வருஷம் பனியன் வேஸ்ட் குடோனில் பஞ்சுத் தூசியைத் தின்றவர். நுரையீரல் கெட்டுப்போய், தை மாதத்தோடு வேலை நின்றது. தினமும் குறைந்தது பதினாறு மணி நேரம் ஆக்சிஜன் வைத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். மெஷின் வந்தது. அதன் பின்னாலேயே இரண்டு மாதத்துக்கு எழுநூற்று முப்பது யூனிட் என்று பில்லும் வந்தது. கலைமகளின் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போயிற்று. ஐந்நூறுக்குள் நிறுத்தினால் ரேட்டே குறைவு, அதில் பாதிகூட வராது. வீட்டுக்கடன் தவணை ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஐந்நூறுதான் கரை.

ஒவ்வொன்றாகப் பிடித்து அடக்கினாள். கல்யாணத்துக்கு வந்த பழைய ஃப்ரிட்ஜை நிறுத்தி, பால் அன்றன்றைக்கு அரை லிட்டர் என்றாக்கினாள். பல்பெல்லாம் எல்.இ.டி. ஆயின. ஹாலுக்குக் கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேன். தண்ணீர் மோட்டார் இரண்டு நாளுக்கு ஒருமுறை. ப்ளஸ் டூ படிக்கும் மகள் சுபஸ்ரீ யூனிபார்மைத் தேய்க்காமல் மெத்தைக்கு அடியில் மடித்து வைத்துப் படுத்தாள். காலையில் மீட்டரைப் பார்த்து, முந்தின நாள் எத்தனை யூனிட் ஓடியது என்று சொல்வதும் அவள் வேலைதான். பன்னிரண்டு பத்தானது, பத்து எட்டானது. இன்று காலை, "அம்மா, நேத்து அஞ்சுதான்!" என்று கத்தினாள். கலைமகள் மகளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கிள்ளினாள். ஐந்து என்றால் சும்மாவா!

அதைப் பீற்றிக்கொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. வீரபாண்டியில் அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், துணி செக்கிங் டேபிளில் கூட நிற்கும் ரோஸ்மேரியிடம் ஆரம்பித்துவிட்டாள். ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கம்.

"நேத்து அஞ்சே யூனிட்டு ரோஸு. எங்கூட்டுலன்னா ஆராச்சும் நம்புவாங்களா?"

"எங்க வீட்டுல மெஷினு கிஷினு ஒண்ணுமில்ல, எங்களுக்கே ஆறு வருதே. எப்படிக்கா சமாளிக்கீங்க? அண்ணாச்சி மெஷினு மட்டும் எவ்வளவு இழுக்கும்?"

"அது மட்டுமே நாளைக்கு அஞ்சு..."

வாய் அப்படியே நின்றது. சோற்றுக் கை டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

மெஷினுக்கு ஐந்து. அப்படியானால் ராத்திரி முழுக்க ஓடிய ஃபேனுக்கு? லைட்டுக்கு? மோட்டாருக்கு? அவள் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறாள். ராத்திரி மெஷின் ஓடுவதை அவள் கண்ணால் பார்க்கிறாள். பகலில்?

கையைக் கழுவக்கூட இல்லை. கேட்டுப் பக்கம் ஓடி, லாக்கரில் இருந்த போனை எடுத்து அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தாள். அக்கம்பக்கத்தில் கூப்பிட ஆள் கிடையாது. அந்தத் தெருவில் பகல் என்றால் எல்லா வீட்டிலும் பூட்டுதான், அத்தனை பேரும் கம்பெனியில். சுபஸ்ரீ பள்ளிக்கூடத்தில்.

"இன்னைக்கு ஷிப்மெண்ட்டுங்க. இப்பப் போனீங்கன்னா நாளைக்கு உள்ள உட மாட்டாங்க" என்றார் சூப்பர்வைசர்.

"உடாட்டிப் போங்க!" என்றாள். அவரிடம் அப்படி ஒரு வார்த்தை அவள் பேசியதே இல்லை.

ரோஸ்மேரி வண்டிச் சாவியோடு பின்னாலேயே வந்தாள். "ஏறுங்கக்கா. பொறவு பாத்துக்கிடலாம்."

வெயில் மண்டையைப் பிளந்தது. டவுனுக்குள் நுழைந்ததும் லாரியும் டெம்போவுமாக வண்டி நகரவே இல்லை. கலைமகள் பின்னால் உட்கார்ந்து போனை அடித்துக்கொண்டே இருந்தாள். 'எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க' என்று இத்தனை நாள் கத்திய குரல் அவள் காதிலேயே கேட்டது. தன் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றியது.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அர்த்தநாரி கட்டில் விளிம்பில், இரண்டு முழங்காலிலும் கை ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. போன் எட்டாத தூரத்தில், அலமாரி மேல் கிடந்தது. மெஷின் நின்றிருந்தது. அதன் குழாயை அழகாகச் சுற்றி மேலே வைத்திருந்தார். அந்த மதிய வெயிலிலும் ஃபேன் ஓடவில்லை.

கலைமகள் சுவிட்சைத் தட்டினாள். மெஷின் கூவிவிட்டு ஓட ஆரம்பித்தது. குழாயை மூக்கில் மாட்டி, விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பைப் போட்டாள். எழுபத்தெட்டு. டாக்டர் தொண்ணூறுக்குக் கீழே போகவே கூடாது என்று சொல்லியிருந்தார். ரோஸ்மேரி ஃபேனைப் போட்டுவிட்டு, ஆம்புலன்சுக்கு அடிக்கப் போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். எண்பது. எழுபத்தொன்பது. எண்பத்து மூன்று. எண்பத்தேழு. பிறகு மெல்ல மெல்ல ஏறித் தொண்ணூற்றொன்றில் நின்றது. ரோஸ்மேரி போனை இறக்கிவிட்டு வாசலுக்குப் போனாள்.

"எத்தன நாளா இப்பிடிப் பண்றீங்க?"

"பத்து... பன்னெண்டு நாளு இருக்கும்."

"நாங் கேட்டனா? உங்க மூச்சுல மிச்சம் புடிக்கோணும்னு நாங் கேட்டனுங்களா?"

அவர் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசினார். "நீ ஃப்ரிட்ஜ நிறுத்துன. புள்ள துணி தேய்க்காம போவுது. நா ஒருத்தன்தான் குத்துக்கல்லாட்ட உக்காந்துட்டுக் கரண்டத் திங்கறேன். எனக்குன்னு நிறுத்தறதுக்கு ஊட்டுல வேற என்ன கலை இருக்குது?"

அவள் அவர் முதுகை நீவிவிட்டாள்.

"காலைல அஞ்சுன்னதும் சிரிச்சியே. நீ சிரிச்சு எத்தன மாசமாச்சு."

பில் எவ்வளவு வந்தாலும் வரட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் நம்ப மாட்டார். நாளைக்குக் காலையிலும் மீட்டரைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது, அது அவருக்கும் தெரியும். அவர் கையைப் பிடித்து விரலில் இருந்த கிளிப்பைக் கழற்றினாள்.

"இனிமேலும் தெனம் மீட்டர் பாப்பனுங்க. மெஷினு, ஃபேனு எல்லாஞ் சேத்தி ஒம்பதுக்குக் கீழ ஒரு யூனிட்டுக் கொறஞ்சாலும், வேலைய உட்டுட்டு உங்க பக்கத்துலயே உக்காந்துக்குவேன். பாத்துக்குங்க" என்றாள். மிரட்டலாகத்தான் ஆரம்பித்தாள், முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.