மூன்று மேஜைகளும் ஐந்தாவது விஷயமும்

டெல்மர் கவுண்டி என்ற சின்ன மாவட்டத்துக்கு ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மூன்று கமிஷனர்களும் தினமும் காலை ஆறே காலுக்கு ஜோலீன் கடையில்தான் காப்பி குடிப்பார்கள். ஆனால் மூன்று பேரும் மூன்று மேஜையில். சண்டை ஒன்றும் கிடையாது. சட்டம் அப்படி. மூன்று பேர் கொண்ட சபையில் இரண்டு பேர் சேர்ந்து கவுண்டி விவகாரம் பேசினாலே அது கூட்டம். கூட்டம் என்றால் கோர்ட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், கதவைத் திறந்து வைக்க வேண்டும், ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். ஒரு வாய்க் காப்பிக்கு இத்தனை ஏற்பாடு யார் செய்வது? அதனால் தலைவர் டாய்ல் ஹுப்கா ஜன்னலோரம், எல்டன் ஷ்ரோடர் கல்லாவுக்குப் பக்கத்தில், ரோலண்ட் டிக்ஸ் கழிவறைக் கதவுக்கு எதிரில். ரோலண்டுக்கு எங்கே போனாலும் அந்த மாதிரி இடம்தான் வாய்க்கும்.

நடுவில் ஆர்லிஸ் வோந்த்ரா. பதினோரு வருஷமாக அங்கே பரிமாறுகிறவள். கையில் காப்பி ஜக்கு, வாயில் சேதி.

"ஆர்லிஸ், எல்டன்கிட்ட சொல்லு, அந்தப் பனி தள்ளுற வண்டி விலை ரொம்பத்தான் ஜாஸ்தின்னு."

ஆர்லிஸ் ஆறடி நடப்பாள். "விலை ஜாஸ்தியாம்."

"ஜாஸ்திதான். பழசு படுத்துக்கிச்சே, என்ன பண்றதாம்? கேட்டுட்டு வா."

மூன்று பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். பக்கத்து மேஜையில் சொன்னது ஆர்லிஸ் வந்து சொல்லும்வரை காதில் விழாத மாதிரி முட்டையைக் குத்திக்கொண்டிருப்பார்கள். அதற்கென்று ஒரு முகம் வைத்திருந்தார்கள். சர்ச்சில் காணிக்கைத் தட்டு வரும்போது சிலர் வைத்துக்கொள்வார்களே, அந்த முகம். ஊரே இதைப் பார்த்துச் சிரிக்கும். ஆர்லிஸும் சிரிப்பாள். ஆகஸ்டு மாசம் வரைக்கும் சிரித்தாள்.

ஆர்லிஸுக்கு வீடு ஆஷ்ஃபோர்டில், டெல்மர் டவுனிலிருந்து வடக்கே இருபத்தேழு மைல். அறுபத்தொரு ஓட்டு உள்ள ஊர். ஒரு தீயணைப்புக் கொட்டகை, அதில் ஒரு வண்டி. தேர்தல் நாளில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே ஓட்டுப் பெட்டி வைப்பார்கள். டாய்லுக்கும் ஆஷ்ஃபோர்டுக்கும் ஆகாது. போன பதவிக்காலத்தில், பராமரிக்கக் கட்டுப்படியாகாது என்று அவர்களுடைய தார் ரோட்டைப் பெயர்த்து ஜல்லி ரோடாக்கியவர் அவர். டாய்லின் மாமனார் வீட்டுக்குப் போகிற ரோடு மட்டும் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நமக்கென்ன, ஏதாவது காரணம் இருக்கும். போன தடவை அவர் கவுண்டி முழுக்கச் சேர்த்துப் பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார். ஆஷ்ஃபோர்டில் அவருக்கு விழுந்தது நாலு. அந்த நாலு பேர் யார் என்று ஆஷ்ஃபோர்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. இந்த நவம்பரில் மறுபடியும் நிற்கிறார்.

ஆகஸ்டு மூன்றாம் வாரம் கவுண்டி ஆள் ஒருவன் கதவில் ஒரு கடிதத்தைச் செருகிவிட்டுப் போனான். ஆர்லிஸின் கணவன் லூமிர்தான் பிரித்தான். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் பாதி போனவன்; நாக்கு மட்டும் முழுசாகத் தப்பிவிட்டது.

"நம்ம கொட்டகை ஓட்டுச்சாவடிய மூடிட்டானுங்க. இனிமே டெல்மருக்கு வந்து ஓட்டுப் போடணுமாம். சபையில ஏகமனதா தீர்மானம். கூட்டப் பட்டியல்ல அஞ்சாவது விஷயம்னு போட்டிருக்கு."

"இருபத்தேழு மைலா? அந்த ஜல்லி ரோட்டுலயா?"

"என்னை மூட்டையில கட்டி எடுத்துட்டுப் போ. உருளைக்கிழங்குன்னு நெனச்சு உள்ள விட்டாலும் விடுவானுங்க."

ஆர்லிஸ் சிரிக்கவில்லை. அந்த ரோட்டில் பத்து மைல் போனாலே அவனுக்கு முதுகு பிடித்து இரண்டு நாள் படுக்கை. பதினெட்டு வயசிலிருந்து ஒரு தேர்தல் தவறாமல் அந்தக் கொட்டகையில் ஓட்டுப் போட்டவன். ஆனால் அவளை உறுத்தியது அது மட்டுமில்லை. ஐந்தாவது விஷயம். அந்த வார்த்தையை அவளே சுமந்திருந்தாள். "அஞ்சாவது விஷயத்துக்கு எனக்குச் சம்மதம்னு எல்டன்கிட்ட சொல்லு." சொன்னாள். "ரோலண்டும் சரின்னா எனக்கும் சரி." அதையும் சொன்னாள். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. தன் புருஷனின் ஓட்டை மேஜை மேஜையாகத் தானே பரிமாறிவிட்டு, மேலே காப்பியும் ஊற்றியிருக்கிறாள்.

மறுநாள் கடைக்காரி ஜோலீனிடம் செவ்வாய்க்கிழமை லீவு கேட்டாள். எதற்கு என்று கேட்டதும் மறைக்காமல் சொன்னாள்.

"அடி பாவி, மூணு பேரும் தினம் வர்ற வாடிக்கைடி," என்றாள் ஜோலீன். "அவங்க வராமப் போனா உன் சம்பளத்த நான் எங்கேர்ந்து எடுக்கிறது?"

"எடுக்க வேணாம். நிறுத்திக்கோ."

"திமிரப் பாரு." ஆனால் லீவு கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வழக்கமாக இரண்டு பேர் வருவார்கள்: பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி, ஏசிக்காக வந்து தூங்குகிற கிழவர் ஒருவர். அன்றைக்கு ஆஷ்ஃபோர்டு பாதி வந்திருந்தது. ஒரு மணி நேரம் குலுங்கி, பின்வரிசையில் முகம் வெளுத்து, கைத்தடியோடு லூமிரும். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். மேஜையில், முட்டை வேகவைக்க நேரம் பார்க்கிற குட்டிக் கடிகாரம் ஒன்று டிக் டிக்கென்று ஓடும், முடிந்ததும் மணி அடிக்கும். ஆர்லிஸ் மைக்கிடம் போனதும் டாய்ல் அதைத் திருகி வைத்தார்.

"ஆஷ்ஃபோர்டு சாவடிய மூடினது செல்லாது," என்றாள். "அத நீங்க இந்த ஹால்ல முடிவு பண்ணல. ஜோலீன் கடையில பண்ணினீங்க. ஆகஸ்டு ஆறாம் தேதி, புதன்கிழமை. டாய்ல், நீ ஒரு கிண்ணம் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் கேட்ட, ரோல் காஞ்சு போச்சுன்னு திருப்பி அனுப்பின. எல்டன் ரெண்டு முட்டை. ரோலண்ட் வெறும் டோஸ்ட், வயிறு சரியில்லன்னு. அஞ்சாவது விஷயத்துக்கு மூணு பேர் சம்மதத்தையும் சுமந்தது நான்தான். அது என் தப்பு. அத ஒத்துக்கத்தான் வந்திருக்கேன்."

கடையில் 'நீங்க' போட்டுப் பேசுகிறவள். மைக் முன்னால் வந்ததும் அவர் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழைய டாய்ல் ஆகிவிட்டார்.

டாய்லின் கழுத்து சிவந்தது. "காப்பிக் கடை அரட்டை. இந்தம்மாவுக்குத் தபால்லயே ஓட்டுப் போடலாம்கிறது தெரியாதா?"

"எங்க ஊர்த் தபால் ஆபீஸ மூடி மூணு வருஷம் ஆச்சு. அத மூடின அன்னிக்கு மலர்வளையம் அனுப்பினதே நீதான்."

"நாளைக்கு உனக்கு எவன் டிப்ஸ் வைக்கிறான்னு பார்க்கிறேன்."

"உன் டிப்ஸப் பத்திப் பேசணும்னா எனக்கு மூணு நிமிஷம் பத்தாது."

தூங்குகிற கிழவர் விழித்துக்கொண்டார்.

கவுண்டி வக்கீல் பிரிட்டா லின்ட் கையைத் தூக்கினாள். கடிகாரத்தை நிறுத்தச் சொன்னாள். அளந்து பேசுகிற பெண். "இடையில ஆள் வெச்சுப் பேசினாலும் அது ரகசியக் கூட்டம்தான், தீர்மானம் செல்லாது. ஆனா ஒருத்தங்க ஞாபகத்த மட்டும் வெச்சு நான் அப்படிச் சொல்ல முடியாது. கமிஷனர்கள் யாராவது ஒத்துக்கிறீங்களா?"

எல்டன் கூரையைப் பார்த்தார். டாய்ல் சாய்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான், முடிந்தது என்கிற மாதிரி. ஆர்லிஸ் தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டாள். துண்டுச் சீட்டுகூட இல்லாமல் வந்திருக்கிறாளே.

ரோலண்ட் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு வயிறு சரியில்லதான். நானும் வந்து…"

டாய்ல் சட்டென்று நிமிர்ந்தார். ரோலண்ட் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், இடையில் ஒரு தண்ணீர் டம்ளர் மட்டும். டாய்ல் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பதினோரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"ஆர்லிஸ்," என்றார், "ரோலண்ட்கிட்ட சொல்லு, வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு."

ஆர்லிஸ் மைக்கை விட்டு நகரவில்லை. "ரோலண்ட், உங்கள வாய மூடச் சொல்றார்."

"முடியாதுன்னு அவர்கிட்ட சொல்லு," என்றார் ரோலண்ட்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அதற்குள் ஹாலே சிரிப்பில் அதிர்ந்தது. லூமிர் கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பத்திரிகைக்காரப் பெண் சிரிக்கவா எழுதவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். எல்டன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பிரிட்டா மட்டும் சிரிக்காமல் பேனாவை மூடினாள். "இதுக்கு மேல எனக்குச் சாட்சி வேண்டாம். தீர்மானம் செல்லாது. மறுபடி கொண்டுவரணும்னா பத்து நாள் நோட்டீஸ் ஒட்டணும். சாவடிய மாத்தறதுக்குக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. அதனால நவம்பர்ல ஆஷ்ஃபோர்டு ஆஷ்ஃபோர்டுலயே ஓட்டுப் போடும்."

"தேர்தல் முடியட்டும், அப்புறம் கொண்டுவர்றேன்," என்றார் டாய்ல்.

"அப்பவும் நீ பதவியில இருந்தா கொண்டுவா," என்றான் லூமிர் பின்வரிசையிலிருந்து.

டாய்ல் அவனை முறைத்துவிட்டு ஆர்லிஸிடம் திரும்பினார். "சரி, நெனச்சது நடந்துடுச்சு இல்ல? போய் உட்காரு."

ஆர்லிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் நின்ற இடத்தில் நின்றிருந்தது. "எனக்கு இன்னும் அம்பது செகண்டு இருக்கு."

"இன்னும் என்ன பேசப் போற?"

"பேசணும்னு சட்டமா? நேரம் என்னோடது. ஓட விடு."

டாய்ல் பிரிட்டாவைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். டாய்ல் கடிகாரத்தைத் தட்டிவிட, அது டிக் டிக்கென்று ஓட ஆரம்பித்தது. ஆர்லிஸ் கையைக் கட்டிக்கொண்டு, மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தபடி நின்றாள். எல்டன் காகிதத்தைப் புரட்டினார், ஒரே பக்கத்தை மூன்று தடவை. ரோலண்ட் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். டாய்ல் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பார்க்க வேறு இடம் இல்லாமல் கடைசியில் அவளையே பார்த்தார்.

மணி அடித்தது. ஆர்லிஸ் அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தாள்.