இரண்டாவது வரிசை

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பாதையில் முதல் கொண்டை ஊசி வளைவோடு தமிழ்நாட்டின் சாதி முடிந்துவிடுகிறது என்பது பிராங்ளின் சாரின் தீர்மானமான கருத்து. இதை அவர் விளையாட்டாகச் சொல்வதில்லை. சமவெளியில் விளையும் சில பயிர்கள் குளிருக்குத் தாங்காது. சாதியும் அந்த ரகம். குன்னூர் உயரத்துக்கு வந்து சேர்வதற்குள் மூச்சுத் திணறிச் செத்துவிடுகிறது. கல்லூரியில் முப்பது வருடம் சமூகவியல் நடத்தி ஓய்வு பெற்றவர் சொல்வதால் இதை யாரும் மறுத்ததில்லை, அவர் மனைவி அமலியைத் தவிர.

"இல்லாததுக்கு எதுக்குங்க அஞ்சாம் விதி எழுதுனீங்க?" என்றாள் அமலி. இட்லித் தட்டு மேசையில் கொஞ்சம் சத்தமாகவே இறங்கியது.

பொதுநிலையினருக்கான இறைப்பணிப் பயிற்சி மையம் ஒன்றுக்கு பிராங்ளின் ஒருங்கிணைப்பாளர். எஸ்டேட்களின் கத்தோலிக்கக் கோயில்களில் சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்தவும், படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை அப்பம், சனங்கள் வாயில் 'நன்மை', கொண்டுபோய்க் கொடுக்கவும் சாதாரண சனங்களைத் தயார் செய்கிற இரண்டு வருடப் படிப்பு அது. இப்போது இந்த மாதிரி மையங்களுக்கெல்லாம் அங்கீகாரம் வேண்டும் என்று ஆகிவிட்டது. அங்கீகாரத்துக்கு நெறிமுறை வேண்டும். அதை எழுதிய குழுவில் பிராங்ளினும் இருந்தார். நடை முழுக்க அவருடையது. ஐந்தாம் விதி சொன்னது: பயிற்சி பெறும் எவரும் பிறப்பை முன்னிட்டு எந்தத் திருப்பணியிலிருந்தும் விலக்கிவைக்கப்படலாகாது. எழுதிய அன்று அதைத் தாமே இரண்டு முறை வாசித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அது சமவெளிக்காரங்களுக்காக எழுதுனது," என்றார் இப்போது.

"அந்தச் சமவெளிக்காரங்கதான் ஞாயித்துக்கெழம பூசைக்கே வர்றாங்களாமா. மாப்ளயோட அப்பா போன் பண்ணுனாரு. கோயில்ல உங்க பொண்ணப் பாத்துட்டு அப்படியே ஊட்டுக்கு வர்றோம்னாங்க."

"வரட்டும்."

"அன்னிக்கே அந்த லைன் ஊட்டுப் புள்ளய நன்மை குடுக்க நிறுத்தோணுமா? அடுத்த வாரம் நிறுத்துனா ஆகாதுங்களா?"

"அங்கீகாரக் குழு அன்னிக்குத்தான் வருது. நிறுத்தலைன்னாத்தான் தப்பு. அமலி, நீ படிச்சவ."

"படிச்சவதானுங்க. பயோடேட்டாவ வாங்கறப்ப தரகர்கிட்ட, 'நம்ம ஆளுங்கதான?'ன்னு ஒருத்தர் கேட்டாரு. அதையும் படிச்சவளா கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

பிராங்ளின் சட்னி கேட்டார்.

*

அன்று வகுப்பில் அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஐந்தாம் விதியை வாசித்துவிட்டு, விளக்கத்துக்கு ஒரு கதை சொன்னார். கீழே ஏதோ ஓர் ஊர்க் கோயிலில் கண்ணால் பார்த்தது. பூசையில் நன்மை கொடுக்க இரண்டு வரிசை. ஒன்றில் சாமியார், மற்றதில் காலனிப் பையன் ஒருவன், முறையாகப் பயிற்சி பெற்றவன்தான். அவன் வரிசையில் தெரியாமல் நின்றுவிட்ட பெரிய மனிதர் ஒருவர் என்ன செய்தார் தெரியுமா?

பிராங்ளின் செய்தே காட்டினார். சட்டைப்பையைத் தட்டினார். அடிக்காத போனை எடுத்தார். திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். போனைக் காதில் வைத்து, மறு கையால் வாயைப் பொத்தி, முதுகை லேசாக வளைத்து, வகுப்பறையின் வலது வாசல் வழியே வெளியே போனார். இடது வாசல் வழியே உள்ளே வந்தபோது கை இரண்டும் கூப்பியிருந்தன. கண்கள் பாதி மூடியிருந்தன. முகத்தில் புனிதர் படத்தில் இருக்கிற சாந்தம்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அதிகம் சிரித்தவள் சரிதா. கண்ணில் வந்த நீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். விரல் நுனிகளில் தேயிலைக் கறை கருப்பாக ஏறியிருந்தது.

"சார், அந்தாளு போன்ல என்னதான் பேசுவாரு?"

"என்னத்தம்மா பேசுவான்? அந்தப் பக்கம் ஆளு இருந்தாத்தான? 'சொல்லுங்க, சொல்லுங்க'ன்னுட்டே போவான்."

மறுபடியும் சிரிப்பு.

கொலக்கம்பைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள் சரிதா. அவள் தாத்தா காலத்தில் கண்டித் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பி வந்த குடும்பம். அவர்கள் என்ன சாதி என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடு என்று சொன்ன பிறகு கேட்கத் தேவையிருக்கவில்லை. ஃபாக்டரியில் கொழுந்து மூட்டை தூக்கும்போது முதுகெலும்பு விட்டுப்போய் அவள் அப்பா படுக்கையில் விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மழையில் அந்த ரோட்டில் சாமியாரின் ஜீப் இறங்காது. ஈஸ்டருக்கு வாங்கிய நன்மைதான் அவருக்குக் கடைசி.

எல்லாரும் போன பிறகு சரிதா தயங்கி நின்றாள்.

"சார், ஞாயித்துக்கெழம நல்லபடியா முடிஞ்சிட்டா பிஷப் வீட்டு லெட்டர் வந்துரும்ல? அப்புறம் அப்பாவுக்கு நானே கொண்டுபோயிக் குடுக்கலாம்ல?"

"அடுத்த வாரமே குடுக்கலாம்."

"எங்கிட்ட யாரும் வரலைன்னா?"

பிராங்ளினுக்கு இது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. மலையைப் பற்றிய அவருடைய கருத்து அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. "இது மலைம்மா. உன் வரிசையில நான் நிப்பேன். போதுமா?"

"போதும் சார்."

*

சனிக்கிழமை சாயங்காலம் பிராங்ளின் போனபோது பங்குச் சாமியார் அறையில் பங்குப் பேரவைத் துணைத்தலைவர் விஜயன் உட்கார்ந்திருந்தார். பெட்போர்டு பக்கம் பேக்கரி வைத்திருப்பவர். வர்க்கிப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"ஜாதிக்காகச் சொல்லலீங்க ஃபாதர். எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. அந்தப் புள்ள கையப் பாத்தீங்களா? கறை. நன்மைங்கறது வாயில போறதில்லீங்களா? சுத்தம்னு ஒண்ணு இருக்குதுங்களே."

"காலைல டீ குடிச்சீங்களா விஜயன்?" என்று கேட்டார் பிராங்ளின்.

"குடிச்சனுங்க."

"அந்தக் கைதான் பறிச்சது. வாயிலதான போச்சு?"

சாமியார் சன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரிப்பை அடக்கினார். விஜயன் கோபித்துக்கொள்ளவில்லை. வியாபாரி. வர்க்கிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்து ஒன்றைச் சாமியாரிடம் நீட்டினார்.

"செரிங்க. நிறுத்துங்க. ரெண்டு வரிசை வெச்சுக்கலாம். யாரு எங்க நிக்கோணும்னு விதி எதும் இல்லைல்லீங்க?"

"அப்படி எப்படி விதி போட முடியும்?"

"அதாங்க நானும் கேக்கறன். ஆனா ஆறாம் விதின்னு ஒண்ணு இருக்குதுங்களே. பங்கு மக்கள் ஏத்துக்கிட்டாங்கன்னு பேரவை எழுதிக் குடுத்தாத்தான் அந்தப் புள்ளைக்கு லெட்டராமா. நீங்க எழுதுனதுதானுங்களே. நல்லா எழுதியிருக்கீங்க."

பிராங்ளின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மக்களாட்சி உணர்வோடு எழுதிய விதி அது. மேலிருந்து ஆட்களைத் திணிக்கக் கூடாது என்பதற்காக அதற்குத் தனியாக வாதாடியிருந்தார்.

"நான் ஒண்ணுமே எழுத வேண்டியதில்லீங்க," என்று எழுந்தார் விஜயன். "நாளைக்கு வரிசையே சொல்லீரும்."

*

ஞாயிறு காலை மூடுபனி கோயில் வாசல் வரை வந்து நின்றது. அங்கீகாரக் குழுவிலிருந்து வந்த சிஸ்டர் பெனடிக்டா முன்பெஞ்சில் இருந்தார். அவருக்குப் பின்னால் சரிதாவின் அம்மா, வெளுத்த ஸ்வெட்டரும் சேலையுமாக. அவளை அந்தக் கோயிலில் அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு முன்னால் பார்த்ததில்லை. நடுவில் ஒரு பெஞ்சு முழுக்க பிராங்ளின் குடும்பமும் மாப்பிள்ளை வீட்டாரும். மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டி கட்டி, குளிருக்கு மேலே புது ஜெர்கின் போட்டிருந்தார். டோல்கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது, விலைச் சீட்டின் நூல் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நன்மை நேரம் வந்தது. சாமியார் இடப்பக்கம் இறங்கி நின்றார். சரிதா வலப்பக்கம். வெள்ளைச் சேலை; இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள். கறை போக எதையோ வைத்துத் தேய்த்திருக்க வேண்டும். விரல் நுனிகள் சிவந்திருந்தன; ஓரிரு இடத்தில் தோல் உரிந்திருந்தது. கறை போகவில்லை.

முதலில் சிஸ்டர் அவளிடம் வாங்கினார். அடுத்து அவள் அம்மா. வாங்கிய பிறகும் அந்தம்மாள் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். பின்னால் நின்றவர் செருமினார். சிஸ்டர் பெஞ்சுக்குத் திரும்பி முழங்காலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாம் விதிக்கு ஒரு குறையும் இல்லை.

பிராங்ளின் வலது வரிசையில்தான் நின்றார். அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். மாப்பிள்ளை வீட்டாரை அமலி ஏற்கெனவே இடப்பக்கம் கூட்டிப் போயிருந்தாள். மகளின் முழங்கையும் அவள் பிடியில் இருந்தது.

ஒருவருக்குப் பேரப்பிள்ளையின் நினைவு வந்து பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே இடப்பக்கம் போய்விட்டார். ஓர் அம்மாள் முக்காட்டைச் சரிசெய்யத் தூணோரம் ஒதுங்கினாள். தூணின் அந்தப் பக்கம் சாமியார் வரிசை. தகப்பனும் மகனுமாக இரண்டு பேர் எந்தக் காரணமும் வைத்துக்கொள்ளாமல் மாறிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களுக்கும் காரணம் தேவைப்படவில்லை. இடப்பக்க வரிசை வாசல் வரை நீண்டது. வலப்பக்கம் பிராங்ளினுக்கு முன்னால் வெறும் தரை.

பாட்டுக் குழு அடுத்த சரணத்துக்குப் போயிற்று.

அவர் நடந்தார். சரிதா அவரைப் பார்த்தாள். சிரிக்கக் கூடாத இடம்; சிரிக்கவில்லை. கண் மட்டும் வகுப்பில் இருந்ததுபோல் இருந்தது. கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து அவர் முகத்துக்கு நேராக உயர்த்தினாள்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அப்பா நன்மை வாங்கிக்கொண்டு கைகூப்பியபடி திரும்பி வந்தார். வாய் மூடியிருந்தது. பிராங்ளினைப் பார்த்தார்; அந்த விரல்களைப் பார்த்தார்; மறுபடியும் பிராங்ளினைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. சம்பந்தம் பேச வந்த வீட்டின் சுவரில் ஈரம் இறங்கியிருப்பதைப் பார்க்கிற பார்வை, அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் பிராங்ளினின் மகள் தலைகுனிந்து வந்துகொண்டிருந்தாள்.

பிராங்ளின் சட்டைப்பையைத் தட்டினார்.

போனை எடுத்தார். திரை இருட்டாக இருந்தது. புருவத்தைச் சுருக்கி அதைப் பார்த்தார். காதில் வைத்தார். மறு கை தானாக வாய்க்குப் போனது. முதுகு லேசாக வளைந்தது.

"சொல்லுங்க," என்றார்.

வலது வாசல் பக்கத்தில்தான் இருந்தது. வெளியே பனியில் மாதா சிலை இருக்கும் கெபி கூடத் தெரியவில்லை. "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கோயிலைச் சுற்றி நடந்து இடது வாசல் வழியே உள்ளே வந்தார். சாமியாரின் வரிசையில் கடைசி ஆளாகச் சேர்ந்தபோது கை இரண்டும் கூப்பியிருந்தன.

அவர் முறை வருவதற்குள் சாமியாரின் கிண்ணம் காலியாகிவிட்டது. இத்தனை பேர் இந்தப் பக்கம் வருவார்கள் என்று அப்பம் எடுத்துவைக்கிற கோயில்பிள்ளை கணக்குப் போட்டிருக்கவில்லை. சாமியார் தயங்கினார். பிறகு சரிதாவிடம் போய், அவள் கிண்ணத்திலிருந்து ஒரு கை அள்ளித் தம்முடைய கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். வரிசையில் மிச்சமிருந்தவர்கள் பக்தியோடு நாக்கை நீட்டினார்கள். முகம் சுளித்தவர் யாரும் இல்லை.

"கிறிஸ்துவின் திருவுடல்," என்றார் சாமியார்.

"ஆமென்," என்றார் பிராங்ளின்.

திரும்பும்போது வலப்பக்கம் பார்க்காமலிருக்க முயன்றார், முடியவில்லை. போய் உட்காரலாம் என்று சாமியார் சைகை காட்டியும் சரிதா நகர்ந்திருக்கவில்லை. அவருக்கென்று எடுத்த அந்த ஒன்றை, அவர் முகம் இருந்த உயரத்திலேயே, விரல்களில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

பிராங்ளின் மறுபடியும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.