பனிச்சுவருக்கு முன்னால் இரண்டு நைட்டிகள்

கப்பலில் ஏறிய முதல் நாளே சலவைக்கடைக்காரியின் பெட்டி காணாமல் போனது. கூட வந்த நாத்தனாரின் பெட்டி அறைக்கு ஒழுங்காக வந்துவிட்டது. இவளுடையதை யாரோ ஒரு புண்ணியவான் வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் மாலை அது வந்து சேரும்வரை நாத்தனாரின் இறுக்கமான உடைக்குள் மூச்சு முட்டத் திரிந்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவள் கப்பல் ஏறியதே பனியாற்றைப் பார்க்கத்தான். மலையிலிருந்து கடல்வரை இறங்கி, சுவராக நிற்குமாம் பனி. வருடக்கணக்காய் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வெந்தவளுக்கு அப்படியொரு பைத்தியம் பிடித்ததில் என்ன அதிசயம்? ஆனால் அங்கே போகவேண்டிய நாளில் காற்று சரியில்லையென்று கேப்டன் கப்பலை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அன்று அவள் சாப்பிடவே இல்லை.

"விடுங்க அண்ணி, பனிக்கட்டிதானே. ஃப்ரிட்ஜைத் திறந்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றாள் நாத்தனார்.

"அப்படியே உங்க அண்ணன் வாய் உனக்கு."

கரை இறங்குவதற்கு முந்தின நாள் மாலை, பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். ஊழியர்கள் எடுத்துப்போய்க் கரையில் சேர்த்துவிடுவார்களாம். இந்த முறை ஏமாறுவதாக இல்லை அவள். சாப்பாடு முடிந்து இருவரும் நைட்டிக்கு மாறியதுதான் தாமதம், கழற்றிப் போட்டதையும் சேர்த்து மடித்து, அடுக்கி, இரண்டு பெட்டிகளையும் பூட்டி, முதல் ஆளாய் வெளியே வைத்துவிட்டாள். கடையில் ஒரு துணியைக்கூட மேசையில் விட்டுவிட்டுப் படுக்கப் போகிறவள் இல்லை அவள்.

விடிந்ததும் ஒலிபெருக்கி பேசியது. காற்று அடங்கிவிட்டது, கப்பல் பனியாற்றின் பக்கமாகப் போகிறது, பார்க்க விரும்புகிறவர்கள் மேல்தளத்துக்கு வரலாம். அவள் துள்ளி எழுந்து அலமாரியைத் திறந்தாள். வெறும் ஹேங்கர்கள் ஆடின.

"அண்ணி, என் துணி எங்க?"

"பெட்டில."

"பெட்டி எங்க?"

அவள் அறைக்கதவைக் காட்டினாள். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னைக்குப் போட்டுக்க ஒண்ணுகூட வைக்கலையா? ஊர்ல இருக்கறவங்க துணியெல்லாம் பொறுப்பா எண்ணிக் குடுப்பீங்களே."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கசங்கிய உடையோடு தெருவாசலுக்குக்கூடப் போகாதவள், இத்தனை பேர் நடுவில் சாயம் போன நைட்டியோடு போய் நிற்பதா?

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

"நான் மட்டும் என்ன பட்டுலயா இருக்கேன்? இதுக்குத்தானே வந்தீங்க. எந்திரிங்க."

கட்டிலில் கிடந்த போர்வைகளை உருவி, அவள் தோளில் ஒன்றைப் போர்த்தி, தன்மேல் ஒன்றைச் சுற்றிக்கொண்டு நாத்தனார் அவளை இழுத்துக்கொண்டு போனாள். மேல்தளத்தில் ஒரே கூட்டம், ஒரே இரைச்சல். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கோட்டுகளின் ஓரமும் பளபளக்கும் காலணிகளும்தான் கண்ணில் பட்டன. எல்லோரும் தன்னையே பார்ப்பதாகக் கூசிப்போனாள்.

திடீரென்று பேச்சுச் சத்தம் நின்றது. அவள் நிமிர்ந்தாள்.

வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது பனி. வெள்ளையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். விரிசல்களுக்குள் நீலமாக இருந்தது. வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போட்டே கை நீலமானவள், இப்படியொரு நீலத்தைக் கண்டதில்லை. வீடு அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து மெதுவாகக் கடலில் இறங்கியது. சத்தம் அப்புறம்தான் வந்து நெஞ்சில் இடித்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம் போய்விடக் கூடாதே என்றும் இருந்தது.

"அண்ணி, போர்வை கீழ விழுந்துடுச்சு."

"கிடக்கட்டும்."

குளிர்காற்றில் நைட்டி படபடத்தது. யார் பார்த்தார்கள், பார்க்கவில்லை என்பதெல்லாம் அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"நான் நின்னு நின்னு துணி தேய்ச்ச நாளெல்லாம் இது இங்கயேதான் இருந்திருக்கு, இல்ல?" என்றாள்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நாத்தனார் அண்ணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.