மூடி போட்ட கோப்பை

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நோலீன் போனை எடுத்துப் பார்த்தாள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் ஊர்ப் புல்வெளிப் பந்தாட்டக் கிளப்பிலிருந்து பதினான்கு பேர் கப்பலில் போகிறார்கள். பிரிஸ்பேனில் ஏறி, நுமேயா, லிஃபு, போர்ட் விலா என்று தீவுத் துறைமுகங்களைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் நாள் திரும்புகிற பயணம். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில், குடிக்கிற கோப்பையை வீட்டிலிருந்து கொண்டுபோகலாமா கூடாதா என்ற விவாதம் பதினோராவது நாளாக நடந்துகொண்டிருந்தது. நாட்டைப் போருக்கு அனுப்பலாமா என்று பேசிய சபையில்கூட இத்தனை பேர் எழுந்து பேசியிருக்க மாட்டார்கள். கப்பல்காரன் தருகிற தம்ளர் கொசு குளிக்கத்தான் காணும் என்றார் ஒருவர். நீச்சல்குளத்தோரம் ஐஸ் பத்து நிமிடத்தில் வெந்நீராகிவிடுகிறது, இரட்டைச் சுவர் வைத்த எஃகுக் கோப்பைதான் கதி என்றார் இன்னொருவர். சொந்தக் கோப்பையோடு கப்பலேறுகிறவன் கல்யாண வீட்டுக்குச் சொந்த நாற்காலியோடு போகிறவன் என்று மூன்றாமவர் எழுத, அவரிடம் மூன்று பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் டாரில். அவர் என்றுதான் சொல்ல வேண்டும். முப்பத்தொரு முறை கப்பலேறியவர். நகரசபையில் வாகனம் நிறுத்துமிட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் கம்பெனி கொடுத்த தங்க நிற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காய்கறிக் கடைக்கும் வருவார். பயணத்துக்காகப் பதினாறு பக்கத்தில் கையேடு தயாரித்து, ஈரம் படாமல் இருக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்தார். அதில் ‘கோப்பைகள்’ என்ற தலைப்பின் கீழ் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மட்டும் இருந்தது.

நான்கு வருடமாக அந்தக் குழுவில் கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் போடாத நோலீன், இந்தப் பதினோரு நாளில் ஆறு முறை எழுதிவிட்டாள். ஐஸ் பற்றி எழுதினாள். கடலில் சேர்கிற பிளாஸ்டிக் பற்றி எழுதினாள். ஆமைகளைப் பற்றி எழுதினாள். ஆமைகள் எப்படிப் போனாலும் அவளுக்குக் கவலையில்லை. அவளுக்கு இருந்த கவலை கணவன் கெல்லின் கை.

கெல் முப்பத்தாறு வருடம் சர்க்கரை ஆலையின் கரும்பு ரயிலை ஓட்டியவன். இரண்டு வருடம் முன்பு வலது கை ஆடத் தொடங்கியது. இப்போது இடது கையும். மருத்துவருக்கும் நோலீனுக்கும் மட்டும் தெரியும். தோள்பட்டை வலி என்று சொல்லிப் பந்தாட்டத்தை விட்டான். வீட்டில் மூடி போட்ட எஃகுக் கோப்பையில் உறிஞ்சிக் குடித்தான். எஃகு கனமானது, கையை அடக்கும். மூடி, அடங்காத மிச்சத்தை அடக்கும்.

“சொல்லிடாத நோல்,” என்றிருந்தான். “சொன்னா அன்னிக்கே எல்லாவனும் என் முதுகுல தட்ட ஆரம்பிப்பான். குழந்தைக்கிட்ட பேசுற மாதிரி மெதுவாப் பேசுவான். அதுக்கு நான் கடல்லயே குதிச்சுடுவேன்.”

அவள் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் கப்பலில் பதினான்கு பேருக்கும் ஒரே மேசை. பதிமூன்று கண்ணாடித் தம்ளருக்கு நடுவே மூடி போட்ட ஒரு கோப்பை இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். பதினான்கும் மூடி போட்டதாக இருந்தால் எவன் கேட்கப் போகிறான்?

சாயங்காலம் தீர்ப்பு வந்தது. ‘அனைத்துத் தரப்பையும் கேட்டறிந்தபின்’ என்று தொடங்கி, எல்லோரும் கோப்பை கொண்டுவர வேண்டும், கடல்நீல நிறம், மூடி கட்டாயம், பெயரும் கிளப்பின் சின்னமும் பொறிக்கப்படும் என்று முடிந்தது. நோலீன் மடித்து வைத்த சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வாசலில் நின்று பார்த்த கெல், “ஒரு கப்புக்கா அழற? பாவம், அந்த ஆமைங்க பார்த்தா சந்தோஷப்படும்,” என்றான்.

கப்பலில் முதல் நான்கு நாள் நன்றாகவே போயிற்று. பதினான்கு நீலக் கோப்பையும் ஒரே சுருதியில் எழுந்து இறங்கின. கப்பலின் விதிப்படி பரிமாறுகிறவர்கள் வெளிக் கோப்பையைத் தொடக்கூடாது. தங்கள் தம்ளரில் ஊற்றிக் கொடுப்பார்கள், நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். கெல்லுக்காக அதை நோலீன் செய்தாள். மற்ற பெண்களும் தங்கள் கணவன்மாருக்குச் செய்தார்கள், சும்மா விளையாட்டாக. சாப்பாட்டிலும் ஒரு வழி வைத்திருந்தாள்: சூப் கிடையாது, பட்டாணி கிடையாது, கையால் எடுத்துத் தின்கிற பண்டம் மட்டும். நுமேயா தாண்டிய இரவு கெல் அவளோடு ஆடினான். ஆடுகிறவன் கை ஆடுவதை யார் பார்க்கிறார்கள்? இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் சத்தமாகச் சிரித்ததை அவள் கேட்டாள்.

ஐந்தாம் நாள் காலை கப்பலில் வயிற்றுப்போக்கு புகுந்தது. ஒன்பதாம் தளத்தில் நாற்பது பேர் படுத்துவிட்டார்கள். கேப்டன் ஒலிபெருக்கியில், நோய் அடங்கும்வரை சொந்தக் கோப்பைகளில் மாற்றிக் குடிக்க எதுவும் தரப்படாது என்றார். அவ்வளவுதான் சொன்னார். வைத்துக்கொள்ளாதே, பிடுங்கு என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் டாரிலுக்கு ஒரு விதி அரைகுறையாக நிற்பதைப் பார்த்தால் மூச்சுமுட்டும். துணி வெளுக்கப் போடும் பையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக வந்தார். முழங்கைவரை ரப்பர் கையுறை.

“நம்ம கிளப்பு முன்னுதாரணமா இருக்கணும் நோலீன். கோப்பை எல்லாத்தையும் என் அறையில பூட்டி வைக்கிறேன். பிரிஸ்பேன்ல கையெழுத்து வாங்கிட்டுத் திருப்பித் தருவேன்.”

“கொண்டு வாங்கன்னு சொன்னதும் நீங்கதானே டாரில்?”

“அப்போ நிலைமை வேற. தலைமைன்னா நிலைமைக்கு ஏத்தபடி மாறணும்.”

“எங்களுது இருக்கட்டும். நான் கழுவிக்கிறேன்.”

அவர் கையுறைக் கையால் கையேட்டின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார். நோலீன் தன் கோப்பையை மட்டும் பையில் போட்டாள்.

அன்று மதியம் அறையின் கெட்டிலில் தேநீர் போட்டு, கெல்லின் கோப்பையில் ஊற்றி மூடி, மேசைக்கு எடுத்துப் போனாள். பதிமூன்று கண்ணாடித் தம்ளர், ஒரு நீலக் கோப்பை. அவள் பயந்தபடியே எல்லோருடைய கண்ணும் அங்கே வந்தது.

“உள்ள என்னடா கெல், ஊர்ச் சரக்கா? பெட்டிக்குள்ள ரம்மைச் சொருகிட்டு வந்துட்டியா, திருட்டுப் பயலே!” என்றான் எதிரே இருந்த ராஸ்.

கெல் ஒரு கணம் யோசித்தான். பிறகு கண்ணடித்தான். “மருந்துடா மேட். வயசான காலத்துல டாக்டர் குடிக்கச் சொன்னது.”

மேசையே அதிர்ந்தது. ஆண்கள் அவனைப் பொறாமையோடு பார்த்தார்கள். வெறும் தேயிலைத் தண்ணீரை உறிஞ்சிவிட்டுத் தொண்டை எரிவதுபோல் அவன் முகத்தைச் சுளித்தபோது, இந்த மனுஷனுக்குள் இப்படியொரு நடிகன் இருந்தானா என்று நோலீனுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடுத்த நாள்வரை இருந்தது.

அடுத்த நாள் டாரிலின் மனைவி யுவான் மாடிப்படியோரம் அவளைத் தனியே நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எவ்வளவு நாளா கண்ணு இப்படி?”

“எப்படி?”

“மறைக்காத. காலைல அவன் கை நடுங்குறத நாங்க எல்லாரும் பார்த்தோம். குடிச்சாத்தான் நிக்கும், இல்ல? என் அண்ணனும் இப்படித்தான் போனான். தோள்பட்டைன்னு சொல்லி அவன் ஆட்டத்த விட்டப்பவே டாரில் சொன்னாரு, இது தோள்பட்டை இல்ல, பாட்டில்னு.” அவள் குரல் இன்னும் இறங்கியது. “உன்ன அடிக்கிறானா?”

அவளுடைய கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. அதுதான் நோலீனால் தாங்க முடியாததாக இருந்தது. நாற்பத்தொரு வருடத்தில் அவள்மேல் ஒரு விரல் உரசாத மனிதனுக்காக ஒரு பெண் அவளைப் பார்த்துக் கண் கலங்குகிறாள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “இல்ல,” என்றாள். அடி வாங்குகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அதைச் சொன்ன பிறகுதான் உறைத்தது. யுவான் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அறைக்கு வந்து கெல்லிடம் சொன்னாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, துள்ளுகிற மீனை அமுக்குவதுபோல் ஒரு கையை மறு கையால் அமுக்கிக்கொண்டு கேட்டான்.

“நினைச்சுட்டுப் போகட்டும். நல்லதுதான்.”

“எது நல்லது?”

“குடிகாரன நாலு பேரு திட்டுவான், நாலு பேரு சேர்ந்து குடிக்கக் கூப்பிடுவான். நோயாளிய எவன் திட்டுவான் நோல்? ராஸ் என்னைத் திருட்டுப் பயலேன்னான் பாரு. ரெண்டு வருஷமா அப்படி ஒருத்தன் என்கிட்ட பேசலை.”

“அப்போ நான் யாரு? என்னைப் பத்தி யோசிச்சியா? அடிவாங்குற பொண்டாட்டியா ஊருக்குள்ள நடக்கணுமா?”

“இன்னும் மூணு நாள்தானே.”

“பண்டபெர்க்குல மூணு நாளா கெல்?”

சன்னலுக்கு வெளியே கடல் எதையும் கேட்காதது மாதிரி போய்க்கொண்டிருந்தது.

கடைசி நாள் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நல்ல உடை உடுத்தி வந்தார்கள். நோலீன் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த வெள்ளைச் சட்டையைக் கெல்லுக்கு மாட்டி, பொத்தான்களைத் தானே போட்டுவிட்டாள். மேசையில் வழக்கத்துக்கு மாறான அமைதி இருந்தது. யாரும் மதுவுக்குச் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும். இனிப்பு வருவதற்கு முன் டாரில் எழுந்து கையேட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே கையால் எழுதியிருந்தது.

“நண்பர்களே, இது ஒரு கோப்பையைப் பத்தின விஷயம் இல்ல,” என்று தொடங்கினார். கோப்பையைத் தவிர வேறெதையும் பற்றி அவர் ஒரு மாதமாகப் பேசியதில்லை. “நம்மில் ஒருத்தர் தனியா ஒரு போராட்டம் நடத்திக்கிட்டிருக்காரு. கெல், நாங்க யாரும் உன்னைக் குத்தம் சொல்லலை. உன்மேல பாசம் இருக்கு மேட். அதனாலதான் கேக்குறோம். அந்தக் கோப்பையக் குடு.”

பதினோரு தலைகள் ஆடின. முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். அவர்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நோலீனின் கைப்பையில் மருத்துவரின் கடிதம் இருந்தது. துறைமுகத்தில் கேட்டால் காட்டலாம் என்று எடுத்து வந்தது. பையின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டாள். கெல் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டக்கூட இல்லை, சும்மா பார்த்தான். இரண்டு வருடமாக ஒவ்வொரு வேளையும் பார்க்கிற அதே பார்வை. அவள் ஜிப்பை விட்டுவிட்டாள், மூடவும் இல்லை.

“சரி மேட்,” என்றான் கெல். “பிடிச்சுட்டீங்க.” கோப்பையை மேசைமேல் நகர்த்தி விட்டான்.

டாரில் மூடியைத் திருகினார். குண்டைச் செயலிழக்கச் செய்கிறவரைப்போல மூக்கைத் தள்ளி வைத்து முகர்ந்தார். பிறகு கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று வழி தெரியாமல் சுற்றியது.

“டீ,” என்றார்.

இதோ, இப்போது கேட்டுவிடுவார்கள் என்று நோலீன் நினைத்தாள். டீக்கு எதற்கு மூடி? பின் எதற்கு அந்த நடுக்கம்? கேட்கட்டும். தான் சொல்லாமல் அவர்களே கேட்டுவிட்டால் வாக்கும் உடையாது. இரண்டு வருடத்தில் அவள் எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆனால் முப்பத்தொரு முறை கப்பலேறியவர் தவறாக இருக்க முடியுமா? டாரிலின் முகம் மெல்ல மலர்ந்தது.

“டீ!” என்றார் மறுபடி, இந்த முறை தழுதழுத்த குரலில். “பார்த்தீங்களா? நாம கேக்குறதுக்கு முன்னாடியே விட்டுட்டான்! தானாவே ஆரம்பிச்சுட்டான்!”

மேசை வெடித்தது. கைதட்டினார்கள். ராஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்து மேசைக்காரர்களும் யாருக்கோ பிறந்தநாள் என்று எண்ணிச் சேர்ந்து தட்டினார்கள். யுவான் எழுந்து வந்து கெல்லின் முதுகில் தட்டினாள். மெதுவாக, ஒரு குழந்தைக்குத் தட்டுவதுபோல. கெல் அசையாமல் இருந்தான்.

டாரில் தன் கையாலேயே ஒரு கண்ணாடித் தம்ளரை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பிக் கெல்லின் முன்னால் வைத்தார்.

“எல்லாரும் தண்ணியத் தூக்குங்க. கெல்லோட புது வாழ்க்கைக்கு!”

பன்னிரண்டு தம்ளர்கள் எழுந்தன. எழுந்து, அந்தரத்தில் நின்றன. அவன் எடுக்காமல் மற்றவர்கள் குடிக்க முடியாதே. கெல்லின் இரண்டு கையும் மேசைக்குக் கீழே இருந்தன. விரிப்பின் ஓரம் அங்கே மட்டும் இலேசாகப் படபடத்தது.

வழக்கமாக இந்த இடத்தில் நோலீனின் கை நீளும். தம்ளரைத் தட்டிவிடுவாள், அல்லது தானே எடுத்துக் குடித்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பாள். அவன் அதற்காகக் காத்திருப்பது தெரிந்தது. அவள் தன் கைகளைப் பார்த்தாள். அவை பாதி திறந்த பையின்மேல் இருந்தன, அடக்கமாக, நடுங்காமல். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டாள்.

“தூக்குப்பா கெல்,” என்றார் டாரில் அன்பாக.

கெல் அவளைப் பார்ப்பதை நிறுத்தினான். நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினான். பிறகு வெள்ளைச் சட்டையின் காலர் மேசையில் உரச, கையை எடுக்காமலே குனிந்து, தொட்டித் தண்ணீருக்குக் குதிரை குனிவதுபோல் குனிந்து, வைத்த இடத்தில் நின்ற தம்ளரின் விளிம்பில் உதட்டை வைத்து உறிஞ்சத் தொடங்கினான். மெதுவாக, சத்தமாக, நிறுத்தாமல். குடித்துக்கொண்டே கண்ணை மட்டும் உயர்த்தி ஒவ்வொருவராகப் பார்த்து வந்தான். தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. இன்னொரு விரற்கடை. தூக்கிய தம்ளரைக் கீழே வைப்பதா குடிப்பதா என்று தெரியாமல் பன்னிரண்டு கைகள் அந்தரத்திலேயே நின்றன. சிறிது நேரத்தில் அவற்றில் ஒன்றிரண்டு நடுங்கத் தொடங்கின.